பொறுமையும் மரத்துப் போதலும்



இப்பகுதியைத் தொடர்ந்து படித்துவரும் தாய் ஒருவர் நாமக்கல் பக்கத்திலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகள், மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் சோற்றைத் தள்ளிவிட்டு மூலையில் அமர்ந்துவிடுகிறாளாம். தோழி ஒருத்தி முகங்கொடுத்துப் பேசாவிட்டால் இரண்டு நாள் பள்ளிக்கே போக மறுக்கிறாளாம். "துன்பம் வந்தால் தாங்கிக்கொள்ளும் மனவலிமையைக் கொடுக்கிற கதைப்புத்தகம் ஏதேனும் இருந்தால் எழுதுங்கள் ஹஜ்ரத்" என்பது அவருடைய வேண்டுகோள்.

அத்தகைய நூல்களுக்குக் கடைகளில் பஞ்சமில்லை. ஏழைச் சிறுவன் தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வருவான். காலிழந்தவள் பரிசுக் கோப்பையைத் தூக்கிக் காட்டுவாள். அவற்றைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும், எங்கள் இளம்பிள்ளை மக்தபில் மாலை வகுப்புக்கு வரும் பெரிய பெண்பிள்ளைகளோடு நாங்கள் அமர்ந்து வாசித்த புத்தகம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. அதில் வரும் சிறுமி வெல்வதில்லை, இறந்து போகிறாள். அதையா பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று கேட்பீர்கள். எங்கள் ஜமாஅத்திலும் அதைத்தான் கேட்டார்கள்.

இரா. நடராசன் எழுதிய 'ஆயிஷா' என்னும் குறுநாவலையே சொல்கிறேன். 1990களில் 'கணையாழி' இதழில் வெளிவந்து, பின்னர் சிறு நூலாகத் தமிழகமெங்கும் பரவியது. ஆசிரியர் கூட்டங்களில் கைக்குக் கை மாறியது, குறும்படமாகவும் ஆயிற்று. ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம். நூலாசிரியர் 2014ஆம் ஆண்டில் வேறொரு நூலுக்காக சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பெற்றவர். எனினும் இன்றும் மக்கள் அவரை 'ஆயிஷா' நடராசன் என்றே அழைக்கிறார்கள் என்றால், அந்தச் சிறுமி வாசகர் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டாள் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

கதை இதுதான். அறிவியல் ஆசிரியை ஒருவர் தாம் எழுதிய அறிவியல் நூலுக்கு முன்னுரை எழுதுகிறார். அந்த முன்னுரையே கதை. அவரிடம் படித்த ஆயிஷா பெற்றோரை இழந்தவள். சித்தியின் ஆதரவில் வளர்பவள். காந்தத்தை வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பது போன்ற கேள்விகளால் ஆசிரியையைத் திகைக்க வைக்கிறாள். பாடப்புத்தகத்திற்கு அப்பாலும் படிக்கிறாள். விடை தெரியாத ஆசிரியர்களுக்கு அவளுடைய கேள்வி திமிராகத் தெரிகிறது. பிரம்பு பேசத் தொடங்குகிறது. அடி நாளுக்கு நாள் மிகுகிறது. கேள்வி கேட்பதை அவளால் விட முடியவில்லை. அடியையும் தாங்க முடியவில்லை. அடித்தால் வலி தெரியாதபடி உடலை மரத்துப்போகச் செய்யும் வழியொன்றைத் தானே ஆராய்ந்து, அதைத் தன் உடலிலேயே சோதித்துப் பார்த்து உயிரை இழக்கிறாள். அவள்மீது அன்பு கொண்டிருந்த ஆசிரியையாலும் அதைத் தடுக்க இயலவில்லை.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். தமிழ்க் கதைகளில் முஸ்லிம் பெண்பிள்ளை வந்தாலே, அவளுடைய துன்பத்திற்குக் காரணம் அவளுடைய மார்க்கமும் முக்காடும்தான் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு எழுதுகிற வழக்கம் ஒன்றுண்டு. இக்கதையில் அது இல்லை. அவளைக் கொன்றது பள்ளிக்கூடத்துப் பிரம்பு. மற்றப் பிள்ளைகளைப் போலவே அவளும் ஒரு பிள்ளை. அவர்களைவிடச் சற்று அதிகமாகக் கேள்வி கேட்பவள். அவ்வளவுதான். இதற்காகவே நூலாசிரியருக்கு நம் நன்றி உரியது.

மதரஸாவில் கதை எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்டார். கேட்டதில் தவறில்லை, பிள்ளைகளின் ஓதும் நேரத்தின்மீது அவருக்குள்ள அக்கறை அது. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை அல்லாஹ் வரலாறுகளில் மிக அழகியதென்று சிறப்பித்துச் சொல்லியிருக்கிறானே என்று நினைவூட்டினேன். வரலாறு வேறு, கட்டுக்கதை வேறு என்றார். அதுவும் சரியே. ஆகவே இன்னொன்றையும் சொன்னேன். முழுமையாகக் கிடைக்கும் தமிழ் முஸ்லிம் இலக்கியங்களுள் மிகப் பழையதெனக் கருதப்படும் 'ஆயிர மசலா' 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றியது. அது எதைப் பற்றியது? அப்துல்லாஹ் இப்னு ஸலாம் அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் அடுக்கடுக்காகக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்குக் கிடைக்கும் விடைகளையும் பற்றியது. 'மசலா' என்றாலே கேள்விதானே? அந்த மரபில் வந்த நம்முடைய பிள்ளைகள், கேள்வி கேட்டதற்காக அடிபட்டுச் செத்த ஒரு சிறுமியின் கதையைப் படிப்பதில் என்ன பிழை இருக்கிறது? பெரியவர் சிரித்துக்கொண்டே, "பரீட்சை நாள்களில் வேண்டாம்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

நான்கு மாலைகளில் வாசித்தோம். பெண்பிள்ளைகளின் வகுப்பை நடத்துபவர் என் மனைவி, அவரும் ஆலிமா. வாசிப்பு நாள்களில் மட்டும் நானும் அமர்ந்தேன். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்பது என்று முறை வைத்துக்கொண்டோம். எங்கே நிறுத்துவது என்பதை முன்னரே குறித்து வைத்திருந்தோம். ஆசிரியப் பணியிலுள்ள சகோதர சகோதரிகளுக்கு இதைச் சற்று வலியுறுத்திச் சொல்வேன். இந்தக் கதையை ஒரே மூச்சில் படித்து முடித்தால், பிள்ளைகள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அழுகையோடு நூல் முடிந்துவிடும்.

முதல் நாள் காந்தத்தோடு நிறுத்தினோம். இரும்பறுக்கும் ரம்பத்தின் தகடு ஒன்றை எடுத்து, காந்தத்தால் ஒரே திசையில் பலமுறை தேய்த்து, அதன் இரு முனைகளிலும் குண்டூசி ஒட்டுவதைப் பார்த்தோம். பிறகு அதைத் துணியில் சுற்றி இரண்டாக ஒடித்தோம். ஒடித்த இடத்தில் புதிதாக இரண்டு முனைகள். அவையும் குண்டூசியை இழுத்தன. மீண்டும் ஒடித்தோம்; மீண்டும் அவ்வாறே. வடமுனையைத் தனியாகவும் தென்முனையைத் தனியாகவும் பிரித்தெடுக்க முடியவில்லை. "ஆயிஷா கேட்டது உண்மையிலேயே பெரிய கேள்விதான் ஹஜ்ரத்" என்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள். அதற்கு முன்னால் ஆயிஷா அவர்களுக்குப் பாவப்பட்ட பெண்ணாக மட்டுமே தெரிந்தாள். அந்தக் கணத்திலிருந்து அவள் கெட்டிக்காரியாகத் தெரிந்தாள். இந்த மாற்றம் நிகழாமல் அடிபடும் பகுதிக்குப் போகக்கூடாது என்பது என் கருத்து.

அன்றே ஒரு பால்மாவு டப்பாவில் துளையிட்டு வைத்தோம். யாருக்கு எந்தக் கேள்வி இருந்தாலும் பெயரெழுதாமல் துண்டுத்தாளில் எழுதிப் போடலாம். மார்க்கத்தைப் பற்றியும் இருக்கலாம்; மற்றதைப் பற்றியும் இருக்கலாம். பெண்பிள்ளைகள் ஆணிடம் கேட்கக் கூசும் கேள்விகளை என் மனைவி எடுத்து வைத்துக்கொண்டு, தனியே பதில் சொன்னார். மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு அன்ஸாரிப் பெண்களின் நாணம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியது ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. கேள்வி கேட்காத பெண்ணையே அடக்கமான பெண் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அன்னையாரின் அளவுகோல் அதுவாக இல்லை.

சொல்லப்போனால், கதையில் வரும் சிறுமிக்கு வாய்த்த பெயரே பொருத்தமானது. 2,210 ஹதீஸ்களை அறிவித்தவரென அறியப்படும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், தமக்கு விளங்காத எதைக் கேட்டாலும் விளங்கும்வரை மீண்டும் மீண்டும் கேட்கும் இயல்புடையவர் என்று புகாரியின் கல்விப் பாடத்தில் காண்கிறோம். மறுமையில் கணக்குக் கேட்கப்படுபவர் வேதனைக்குள்ளாவார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, எளிதான கணக்கு என்று குர்ஆனிலேயே வருகிறதே என்று அன்னையார் கேட்டுவிட்டார்கள். நபியவர்கள் முகம் சுளிக்கவில்லை. எளிதான கணக்கென்பது செயல்கள் எடுத்துக்காட்டப்படுவது மட்டுமே என்றும், துருவித் துருவி விசாரிக்கப்படுபவரே அழிவார் என்றும் விளக்கினார்கள். அந்தக் கேள்வி எழாதிருந்தால் அந்த விளக்கம் நமக்குக் கிடைத்திருக்குமா? இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்கள் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன்.

டப்பாவில் விழுந்த சீட்டுகளில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துச் சொல்கிறேன். எங்கள் ஊர் சேலை ஊர். கஞ்சமலையை அடுத்த இந்தப் பகுதியில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். பள்ளிவிட்டு வந்தால் தார் சுற்றாத பிள்ளைகள் குறைவு. அந்தச் சீட்டில் இருந்த கேள்வி: "சேலையில் எந்த இடத்தில் பூ வரவேண்டும் என்பது ஜக்கார்டு அட்டைக்கு எப்படித் தெரியும்?" அரபுக் கல்லூரியிலும் சரி, கலைப் பட்டப்படிப்பிலும் சரி, இதை எனக்கு யாரும் கற்பித்ததில்லை. அட்டையில் துளை போடும் தொழிலாளி ஒருவரை மக்தபுக்கு அழைத்து வந்தோம். அட்டையில் துளையிருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும்; அதனோடு சேர்ந்த கொக்கி மேலே ஏறி, பாவிலுள்ள அந்த இழையைத் தூக்கும்; துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டு இழை கீழேயே நிற்கும்; தூக்கிய இழைகளுக்கும் நின்ற இழைகளுக்கும் நடுவே ஊடை பாயும்போது பூவின் ஒரு வரி உருவாகிறது என்று பழைய அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டே காட்டினார். ஒரு பூவுக்கு எத்தனை அட்டை வேண்டுமென்று பிள்ளைகள் அவரை விடவில்லை.

அதற்குமேல் நான் சொல்ல வேண்டியது சிறிதே. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டளவில் இந்தப் பொறியை உருவாக்கினார். துளையுள்ள அட்டை ஒரு பொறிக்குக் கட்டளையிட முடியும் என்பதைக் கண்ட சார்லஸ் பாபேஜ், 1830களில் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கு அதே வகை அட்டைகளைப் பயன்படுத்த எண்ணினார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு துளையட்டைகளைக் கொண்டே தொகுக்கப்பட்டது. கணிப்பொறியின் முன்னோர்களில் ஒன்று தறியின் தலைமேல் இருக்கும் பெட்டி! தம் வீட்டுத் திண்ணைக்கு மேலே கட்கட்டென்று அடித்துக்கொண்டிருந்த பொருளைப் பற்றி இதைக் கேட்டபோது பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். தொழிலாளிக்கும் அது புதிய செய்திதான். தேநீரைக் கூட மறந்துவிட்டார்.

இனிக் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

அடிபடும் பகுதியை வாசித்த மாலையில் ஒரு பிள்ளையும் பேசவில்லை. நாங்களும் பேசவைக்க முயலவில்லை. ஒரேயொரு கேள்வியை மட்டும் கரும்பலகையில் எழுதினோம்: ஆயிஷா பொறுமைசாலியா? மறுநாள் விடைகள் வந்தன. பெரும்பாலானவை ஆம் என்றன. அவ்வளவு அடியையும் தாங்கினாளே, ஸப்ர் என்பது அதுதானே என்று எழுதியிருந்தார்கள். நாமக்கல் சகோதரியின் கடிதத்திலும் இதே எண்ணம் மறைந்திருக்கிறது என்று கருதுகிறேன். துன்பம் உறைக்காத உள்ளமே வலிமையான உள்ளம் என்று நாமும் பிள்ளைகளிடம் வேறு வேறு சொற்களில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். "இதுக்கெல்லாம் அழுவாங்களா?" என்கிறோம். "பொட்டப்புள்ள பொறுத்துத்தான் போகணும்" என்கிறோம். ஆயிஷா செய்ததும் அதையே ஒரு படி மேலே கொண்டுபோனதுதான். உறைக்காமலிருக்க அவள் வழி தேடினாள், கண்டுபிடித்தாள், மாண்டாள்.

அழகிய பொறுமை என்னும் சொல்லைக் குர்ஆன் யஃகூப் (அலை) அவர்களின் வாயில் வைத்துக் காட்டுகிறது. அந்த நபி மரத்துப் போனவராகவா இருந்தார்? அழுது அழுது அவருடைய கண்கள் வெளுத்துப் போயின. தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிட்டார். அத்தோடு நின்றுவிடாமல், போய் யூசுஃபையும் அவருடைய சகோதரரையும் தேடுங்கள், நம்பிக்கை இழக்காதீர்கள் என்று மக்களை ஏவினார். அழுததும் முறையிட்டதும் தேட அனுப்பியதும் அந்த அழகிய பொறுமைக்குக் குறையாகிவிடவில்லை. சிறையில் கிடந்த யூசுஃப் (அலை) அவர்களும், விடுதலையாகப் போகும் தோழரிடம், உம் எசமானிடம் என்னைப் பற்றிச் சொல்லும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

பெண்பிள்ளைகளை மிகவும் கவர்ந்தது கவ்லா பின்த் தஃலபா (ரலி) அவர்களின் வரலாறு. கணவர் அறியாமைக்கால வழக்கப்படி தாயோடு ஒப்பிட்டுத் தம்மை விலக்கி வைத்தபோது, அவர் வாய்மூடி இருந்துவிடவில்லை. நபி (ஸல்) அவர்களிடம் வந்து வாதிட்டார். அந்த வாதத்தைச் செவியுற்றதாக அல்லாஹ் வசனத்தை இறக்கினான். அந்த அத்தியாயத்திற்கே 'வாதிடும் பெண்' எனும் பொருளில் அல்முஜாதலா என்று பெயர். வாதிட்டதற்காக அவரைப் பொறுமையற்றவர் என்று எந்த விரிவுரையாளரும் எழுதவில்லையே! இதைக் கேட்டபின் கரும்பலகைக் கேள்விக்கு மீண்டும் விடை எழுதச் சொன்னோம். ஒரு பெண் எழுதியிருந்தது இது: "ஆயிஷா பொறுமையாகத்தான் இருந்தாள். ஆனால் அவள் யாரிடம் வாதிட முடியும்? அவளுக்கு யாருமே இல்லை." இதற்குமேல் நான் என்ன விளக்கம் சொல்ல?

ஆகவே இந்நூல் பிள்ளைகளுக்குரியது என்பதைக் காட்டிலும் நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் உரியது என்பேன். மதரஸாக்களில் பிரம்பு இன்னும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. பத்து வயதில் தொழுகைக்காக அடிக்கலாம் என்ற ஹதீஸை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அந்த அனுமதிக்கு அறிஞர்கள் இட்ட வரம்புகளை அவர்கள் எடுத்துக்காட்டுவதில்லை. முகத்தில் கூடாது, தழும்பு கூடாது, கோபத்தில் கூடாது என்பவையெல்லாம் அவற்றுள் அடங்கும். குர்ஆன் ஓதும்போது ஓர் எழுத்து பிசகியதற்காக ஓங்கும் கைக்கு அந்த ஹதீஸ் எங்ஙனம் துணை நிற்கும்? போர்க்களத்தைத் தவிர நபி (ஸல்) அவர்கள் தம் கையால் யாரையும் அடித்ததில்லை, பெண்ணையோ பணியாளரையோ கூட அடித்ததில்லை என்று அறிவிப்பவரும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்தாம். சிறுவராயிருந்து பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், ஒருமுறைகூட நபியவர்கள் தம்மை நோக்கிச் 'சீ' என்று சொன்னதில்லை என்கிறார்கள். தொழுகையில் அறியாமல் பேசிவிட்ட முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள், நபியவர்கள் தம்மைக் கடியவுமில்லை, அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை என்றும், அவர்களுக்கு முன்னும் பின்னும் அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்றும் நன்றியோடு சொல்வது முஸ்லிம் நூலில் இருக்கிறது.

அறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். கடுமையால் வளர்க்கப்படும் மாணவனுடைய உற்சாகம் அடங்கிப்போகிறது. அவன் சோம்பலுக்கு ஆளாகிறான். கைக்கு அஞ்சி உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசக் கற்கிறான். நாளடைவில் பொய்யும் சூதும் அவன் இயல்பாகிவிடுகின்றன என்பது அவருடைய கணிப்பின் சாரம். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம்முடைய அறிஞர் எழுதிவைத்ததை, இன்று அயல்நாட்டு மனநூலார் சொன்னால்தான் ஏற்றுக்கொள்வோம் போலும்.

சட்டத்தையும் சொல்லவேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. 2012இல் செய்யப்பட்ட திருத்தம், மதரஸாக்களும் வேத பாடசாலைகளும் அச்சட்டத்தின் எல்லைக்குள் வாரா என்று விலக்கு அளித்தது. நம்முடைய நிர்வாக உரிமை காக்கப்பட்டதென்று நாம் மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் அரசுப் பள்ளியில் அடிபடும் பிள்ளைக்குக் காட்டுவதற்கு அந்தப் பிரிவு இருக்கிறது. நம்மிடம் ஓதவரும் பிள்ளைக்கு அந்தப் பிரிவின் நிழல் இல்லை. அந்த விலக்கு நம் தலைமேல் எவ்வளவு பெரிய அமானிதத்தை ஏற்றியிருக்கிறது என்று எத்தனை நிர்வாகக் கூட்டங்களில் பேசியிருப்போம்?

கடைசி நாள் முடிவை வாசித்தோம். இங்கே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. இந்நூலைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடாதீர்கள். இளம் மனங்களுக்கு ஆயிஷாவின் முடிவு வீரமாகத் தோன்றிவிடக்கூடும். தன் மரணத்தின் மூலம் அவள் எல்லோரையும் திருத்திவிட்டாள் என்று ஒரு பிள்ளை எண்ணிவிட்டால் அதைவிடப் பெருங்கேடு வேறில்லை. என் மனைவி இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: "அவள் செய்தது தவறு. அவளுடைய உயிர் அல்லாஹ்வின் அமானிதம். அவள் உயிரோடிருந்திருந்தால் இன்னும் எத்தனை கேள்வி கேட்டிருப்பாள்!" பிறகு பிள்ளைகளையே முடிவை மாற்றி எழுதச் சொன்னோம். அடிக்கும் ஆசிரியரின் மனம் மாறுவதாக யாரும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருத்தியின் கதையில் சித்தி பள்ளிக்கு வந்து சண்டை போடுகிறாள். இன்னொருத்தியின் கதையில் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் சேர்ந்து தலைமையாசிரியையிடம் போகிறார்கள். தனியே தாங்கியவளுக்கு அவர்கள் துணைக்கு ஆள் சேர்த்தார்கள்.

அன்று டப்பாவில் ஒரு சீட்டு கிடந்தது. "யாராவது அடித்தாலோ வேறு மாதிரி தொல்லை கொடுத்தாலோ யாரிடம் சொல்ல வேண்டும்?" யார் எழுதியது என்று நாங்கள் துருவவில்லை. உம்மா, அத்தா, இவர்களிடம் சொல்ல முடியாவிட்டால் ஆலிமா, அதற்கும் வழியில்லையென்றால் எந்தத் தொலைபேசியிலிருந்தும் கட்டணமின்றி அழைக்கக்கூடிய 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் என்று வரிசையாகச் சொன்னோம். எண்ணைக் கரும்பலகையின் மூலையில் எழுதியிருக்கிறோம். அழிப்பதில்லை. அடுத்த வாரம் முழுவதும் என் மனைவி வகுப்பு முடிந்தபின் அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்தார்.

நாமக்கல் சகோதரிக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவே. உங்கள் மகளோடு சேர்ந்து படியுங்கள். அவள் அழுதால் அழட்டும். மதிப்பெண் குறைந்த அன்று, எந்தக் கேள்வி அவளுக்கு விளங்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். அவள் சோற்றைத் தள்ளிவிட்டு மூலையில் அமர்வது தாங்கும் வலிமை இல்லாததாலா, அல்லது தாங்கமுடியாத ஒன்றைச் சொல்ல ஆளில்லாததாலா என்பதைத் தாய்தான் அறிய முடியும்.

எங்கள் டப்பாவில் இன்னும் ஒரு சீட்டு விடையின்றி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தேறிவிட்டு வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருக்கும் பெண் எழுதியது. எழுத்தைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர விரும்புகிறாள்; அத்தாவிடம் யார் பேசுவது என்று கேட்டிருக்கிறாள். அவருடைய பக்கத்திலும் நியாயமில்லாமலில்லை. தறிக்கு வாங்கிய கடன் இருக்கிறது. தார் சுற்றக் கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுபடியாகாது. பேருந்தில் பெண்ணைத் தனியே அனுப்பவும் மனம் வரவில்லை. முத்தவல்லியும் நானும் ஒருமுறை போய்ப் பார்த்தோம். கட்டணத்திற்கு ஜமாஅத் பைத்துல்மாலிலிருந்து ஏற்பாடு செய்யலாமென்றும், அதே பேருந்தில் போகும் வேறு இரு பெண்பிள்ளைகள் இருக்கிறார்களென்றும் சொன்னோம். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மறுபடியும் சந்திக்கிறோம். இம்முறை அந்தப் பெண்ணும் உடனிருந்து பேசுவதென்று முடிவாகியிருக்கிறது.